விவசாயக் குடும்பத்துக்கு மரியாதை செய்வதென்றால் எதைப் பார்த்துச் செய்வது?

கடைமடையான் (மேலூர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கண்மாய்ப் பாசன சங்கத்தில் சில வாரமாக இதே பேச்சுதான். ஆண்டுக்கு ஒரு விவசாயக் குடும்பத்தை ஊர் முன்னால் கூப்பிட்டு மரியாதை செய்வது என்று முடிவாகிவிட்டது. அதிகம் விளைவித்ததற்காக இல்லை. மண்ணைக் கெடுக்காமல், தண்ணீரைத் தன் வயலோடு நிறுத்திக்கொள்ளாமல், வரத்துக் கால்வாயில் கை வைக்காமல் நிலத்தை வைத்திருப்பதற்காக.

விளைச்சலுக்கு ஏற்கெனவே விருது இருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக மகசூல் எடுப்பவருக்கு சி. நாராயணசாமி நாயுடு பெயரில் 5 லட்சம் ரூபாயும் பதக்கமும் குடியரசு தினத்தில் தருகிறார்கள். இயற்கை விவசாயிகளுக்கு நம்மாழ்வார் பெயரில் ஒரு விருதை 2023-24 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பாரம்பரிய விதைகளைக் காப்பவர்களுக்கு மத்திய அரசின் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் விருது கொடுக்கிறது. ஒரு சமூகமாகச் சேர்ந்து காத்திருந்தால் 10 லட்சம் ரூபாய். எல்லாமே நல்லவைதான். ஆனால் மழை நாளில் கண்மாய்க்கரை அரிக்கிறது என்று தெரிந்ததும் யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு போய் நிற்கிற குடும்பம் இதில் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மடைக்குப் பக்கத்திலேயே வயல் இருந்தும், தன் வயல் நிறைந்ததும் அடைத்துவிட்டுக் கீழே விடுகிற குடும்பமும் வருவதில்லை.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, யார் தேர்ந்தெடுப்பது, என்ன கொடுப்பது? இந்த மூன்றிலும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மண்ணும் கணக்கும் (ஒத்தக்கடை)

நல்ல முயற்சி அண்ணே. நான் வேளாண்மை படித்தவள், அதனால் அளப்பதில் இருந்து தொடங்குகிறேன். கண்ணால் பார்த்து மட்டும் சொன்னால் சொந்தக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு முதல் வருடமே வந்துவிடும்.

மண்வள அட்டை 2015-லிருந்து கொடுக்கிறார்கள். அதில் அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் மக்கிச் சேர்ந்த சத்தின் அளவு, என்று ஒரு வரி இருக்கும். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் அதிகம். நம் ஊர் வெயிலுக்குப் போட்ட எரு சீக்கிரமே மக்கிக் காற்றோடு போய்விடும். அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றி, ஏறிய இடத்திலேயே ஒரு குடும்பம் வைத்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதிருப்பார்கள். வைக்கோலையும் தாளையும் கொளுத்தியிருக்க மாட்டார்கள். கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். ஒரு வருடத்தில் நடிக்க முடியாத விஷயம் இது. அதனால் ஐந்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு அட்டைகளைக் கேளுங்கள்.

அடுத்தது கிணறு. தைக்கு ஒருமுறை, வைகாசிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதினால் போதும்.

கரிசக்காட்டுக்காரன் (பேரையூர்)

தங்கச்சி சொன்னது நஞ்சைக்குச் சரி. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. குதிரைவாலி, சோளம், பருத்தி, உளுந்து. எங்களிடம் வந்து கிணற்றில் கயிறு விட்டால் என்ன தெரியும்?

மானாவாரியில் நிலத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் வேறு. ஐப்பசியில் கொட்டுகிற மழை காட்டு மண்ணை ஓடைக்குக் கொண்டுபோகாமல் வரப்பு நிற்கிறதா என்று பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே உழுகிறார்களா, நேராக உழுதுவிட்டு மண்ணைப் பறிகொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஓடை ஓரத்துப் பனையை வெட்டாமல் விட்டிருக்கிறார்களா, பொழியில் நிற்கிற பழைய மரங்கள் இருக்கின்றனவா. எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று உண்டு. பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாரும் ஆயிரம் அடிக்கு போர் போடுகிறபோது, போடாமல் இருப்பது. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் அப்படி இருக்கிறது. இரண்டு தலைமுறையாகக் குதிரைவாலியும் துவரையும் கலந்து விதைக்கிறார்கள். கடன் இல்லை, போர் இல்லை. பையனுக்குப் பெண் பார்க்கப் போனால், போர் கூட இல்லாத காடா என்று கேட்கிறார்கள். இந்தக் குடும்பத்தை ஊர் கூப்பிட்டு மாலை போட்டால் அது அவர்கள் வாழ்க்கையிலேயே ஒரு மாற்றம்.

இன்னொன்று. கிடை போட்டது என்று தங்கச்சி எழுதினீர்கள். அந்தக் கீதாரிக்கு ஒரு சென்ட் நிலம் இருக்காது. ஊர் ஊராக ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து நம் மண்ணுக்கு உரம் போட்டுவிட்டுப் போகிறவர். புலிக்குளம் மாட்டுக்கிடைக்காரர்களும் அப்படித்தான். விவசாயக் குடும்பம் என்று நீங்கள் சொல்வதில் அவர்கள் உண்டா?

கடைமடையான் (மேலூர்)

கீதாரியை நாங்கள் யோசிக்கவே இல்லை. சங்கத்தில் சொல்கிறேன். அண்ணே, அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னும் எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

செல்லம்பட்டி செல்வி

அண்ணன்மார் எல்லாரும் குடும்பம் குடும்பம் என்று எழுதுகிறீர்கள். மேடையில் யார் ஏறுவார்கள்?

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஏறுவார். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் நிலத்தை நடத்துகிறவர்கள் என்று பதிவானவர்களில் பெண்கள் 14 சதவீதம் கூட இல்லை. வேலை செய்பவர்களை எண்ணினால் எங்கள் 58 கிராமக் கால்வாய்ப் பக்கம் எந்தக் காட்டிலும் பெண்கள்தான் அதிகம். களை எடுப்பது, விதை பொறுக்குவது, சாணி அள்ளி எருக்குழியில் போடுவது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது எந்தக் கிளையை விட வேண்டும் என்று பார்ப்பது, ஊருணியில் எருமையைக் குளிப்பாட்டாதே என்று சண்டை போடுவது. நிலத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்வது என்று நீங்கள் பெரிய வார்த்தையில் சொல்வதில் பாதி இதுதான்.

என் மாமியார் அவரைக்கும் பீர்க்கனுக்கும் சுரைக்கும் விதை வாங்கி நான் பார்த்ததில்லை. நல்ல காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, சாம்பலில் புரட்டிக் காயவைத்து அடுப்படிக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். சுற்று ஊர்களில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் ஆடிக்கு முன்னால் வந்து ஒரு கை வாங்கிப் போவார்கள். அவர் பெயரில் ஒரு குழி நிலம் கிடையாது. வங்கியில் பயிர்க்கடன் கேட்டபோது, வீட்டுக்காரரை அனுப்புங்கள் என்றார்கள்.

மதுரைக்காரர்கள் நமக்குத் தெரியாததா? புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா கூலி வேலைக்குப் போனவர். களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுவில் பெண்களைச் சேர்த்து நின்றார். வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு விருது கொடுத்தார், 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அவரிடம் யாரும் பட்டா நகல் கேட்கவில்லை. 2026-ஐ ஐ.நா. சபை பெண் விவசாயிகளின் ஆண்டாக அறிவித்திருக்கிறது. நீங்கள் தொடங்குகிற மரியாதையில் பெண்ணின் பெயர் முதலில் வரட்டும், ஆணின் பெயர் அடுத்து வரட்டும். பட்டயத்தில் அப்படியே அச்சடியுங்கள்.

வைகைக்கு வெகுதூரம் (விஸ்கான்சின்)

நான் சோழவந்தான்காரன், வேலைக்காக இங்கே இருக்கிறேன். நீங்கள் பேசுகிற மாதிரியே ஒன்று இங்கே நடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் இருக்கும் சாண்ட் கவுண்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2003-லிருந்து ஆல்டோ லியோபோல்டு பெயரில் ஒரு விருது தருகிறது. மண், தண்ணீர், காட்டுயிர் இவற்றைத் தன் நிலத்தில் தானாக முன்வந்து பாதுகாக்கிற விவசாய, பண்ணைக் குடும்பங்களுக்கு மாநிலவாரியாகக் கொடுக்கிறார்கள். 10,000 டாலர். பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாகவே அறிவிக்கிறார்கள். லியோபோல்டு காட்டியல் படித்தவர், பேராசிரியராக இருந்தவர். 1935-ல் சத்து போன ஒரு பழைய பண்ணையை வாங்கி, மனைவி மக்களோடு சேர்ந்து மரம் நட்டு அதை மீட்டார். 1948-ல் பக்கத்து நிலத்தில் புல் பற்றி எரிந்தபோது அணைக்கப் போனவர் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார்.

ஆனால் இதை அப்படியே நம் ஊருக்கு எடுத்து வர முடியாது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 463 ஏக்கர். தமிழ்நாட்டில் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இங்கே ஓடை முழுக்க ஒரே குடும்பத்தின் நிலத்துக்குள் ஓடலாம். ஓடைக்கரையில் புல் வளர்த்துத் தண்ணீரைக் காத்தேன் என்று அவர்கள் சொன்னால் பொருள் இருக்கிறது. மேலூரில் ஒரு குடும்பம் தன் ஒன்றரை ஏக்கரில் என்ன செய்தாலும், அதற்கு வருகிற தண்ணீர் ஊர்த் தண்ணீர், போகிற தண்ணீரும் ஊர்த் தண்ணீர். வரப்புக்கு வெளியே அந்தக் குடும்பம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் விருது கொடுத்தால் பாதியைத்தான் பார்த்த மாதிரி.

கடைமடையான் (மேலூர்)

தம்பி, நீங்கள் எழுதியதைச் சங்கத்தில் வாசித்தேன். அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. எனக்கு இதுதான் மொத்த விஷயத்தின் உயிர் என்று படுகிறது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாய் தனி, 19,439 ஏக்கர். முல்லைப்பெரியாறு அணை 1895-ல் வந்தது, அன்றிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் கடைசியில்தான். அணையில் இருப்பு இருந்தால் புரட்டாசி வாக்கில் திறப்பார்கள், இல்லையென்றால் மனு, மறியல். மேலே இருக்கிறவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது கீழே இருக்கிறவனுக்குத்தான் தெரியும் என்பதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஒரு கண்மாய்க்குள்ளும் அதே கதைதான். மடைக்குப் பக்கத்து வயல்காரர் ராத்திரி மடையைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தால் கடைசி வயலுக்குக் கருதுப் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இருக்காது. முறை வைத்துப் பாய்ச்சும்போது தன் முறை முடிந்ததும் வயல் மடையை அடைக்கிறாரா, ஊர் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சி வந்து சொல்லும்வரை இருக்கிறாரா, பூச்சி மருந்து அடித்த மறுநாளே வயல் தண்ணீரைக் கீழே வடிக்கிறாரா, கால்வாய் ஓரத்தை வருசத்துக்கு ஒரு சாண் ஒரு சாண் என்று வெட்டி வயலோடு சேர்க்கிறாரா. இதெல்லாம் எந்த அட்டையிலும் வராது. ஆனால் கீழ் வயல்காரருக்கு மனப்பாடம்.

அதனால் நாங்கள் யோசிக்கிற விதி இது: எந்தக் குடும்பமும் தன்னைத் தானே முன்மொழியக் கூடாது, சொந்தக்காரரும் முன்மொழியக் கூடாது. அந்தக் குடும்பத்தின் வயலுக்குக் கீழே தண்ணீர் வாங்குகிறவர்கள் முன்மொழிய வேண்டும். குறைந்தது மூன்று வீட்டார், அதில் ஒருவராவது கடைசி மடைக்காரர்.

கரிசக்காட்டுக்காரன் (பேரையூர்)

இது நன்றாக இருக்கிறது. மானாவாரிக்கும் பொருந்தும். என் காட்டு வெள்ளம் யார் காட்டுக்குள் போகிறதோ அவர் சொல்லட்டும்.

மண்ணும் கணக்கும் (ஒத்தக்கடை)

எனக்கு ஒரு சந்தேகம். கீழ் வயல்காரருக்கும் மேல் வயல்காரருக்கும் வரப்புத் தகராறு, கோர்ட்டு கேஸ் என்று இருந்தால்? நல்ல குடும்பம் விட்டுப்போகும் இல்லையா?

மல்லிச்செடி (திருமங்கலம்)

நானும் ஒன்று கேட்கிறேன். இங்கே எல்லாரும் பேசுவதைப் பார்த்தால் மருந்து தெளிக்கிறவன் யாரும் கிட்டவே வர முடியாது போல இருக்கிறது. நாங்கள் மல்லிகைக்காரர்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஊரே பெருமைப்பட்டது. அந்தப் பூ வாசலுக்கு வருவதற்குள் மொட்டுப்புழு, மொட்டு ஈ, சிவப்புச் சிலந்தி என்று வரிசையாக வரும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொட்டில் ஒரு சிவப்புக் கறை இருந்தாலும் விலை விழும். தெளிக்காமல் ஒரு பருவம் போனால் வட்டிக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் ஊரில் ஒரு அக்கா இருக்கிறார். புழு விழுந்த மொட்டைக் கையால் பறித்து எரித்து, விளக்குப் பொறி வைத்து, வேப்பங்கொட்டைக் கரைசலை முதலில் அடித்துப் பார்த்து, முடியாத கட்டத்தில்தான் கடை மருந்துக்குப் போகிறார். டப்பாக்களைக் கிணற்று மேட்டில் வீசாமல் ஒரு குழியில் சேர்த்துப் பூட்டி வைக்கிறார், பேரப்பிள்ளைகள் எடுக்கக்கூடாது என்று. சுத்த இயற்கை விவசாயி என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊர் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்குக் குடிக்க முடிகிறது என்றால் அதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கியவர்களை மட்டும் பார்க்காமல், எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

செல்லம்பட்டி செல்வி

அந்த அக்கா பெயரை நீங்களே முன்மொழியுங்கள். நீங்கள் அவருக்குக் கீழ் வயலா?

மல்லிச்செடி (திருமங்கலம்)

ஒரே கிணற்றுப் பங்காளிகள் அக்கா. மேல் கீழ் இல்லை. ஒரே கிணற்றில் பங்கு உள்ளவர்களும் முன்மொழியலாம் என்று விதியில் சேர்த்தால் நல்லது.

குத்தகைக்காரன்

ஊர் பெயர் போடவில்லை, காரணம் படித்தால் புரியும்.

நான் சொந்த நிலம் இல்லாதவன். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பல வருடம் பயிர் செய்தேன். எடுத்தபோது களர் தட்டிக் கிடந்த மண். கண்மாய் வண்டல் அடித்தேன், கொழுஞ்சி விதைத்து உழுதேன், வரப்பெல்லாம் துவரை போட்டேன். மண்ணில் மண்புழு வந்தது. ஆள் உயரத்துக்கு நெல் நின்றதை நிலத்துக்காரர் வந்து பார்த்தார். அடுத்த வருடமே குத்தகையை ஏற்றினார். அதற்கடுத்து கல் ஊன்றி பிளாட் போட்டுவிட்டார். வாய்ப்பேச்சுக் குத்தகை, எழுத்து இல்லை. குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் பதிவு செய்ய வேண்டும் என்று வாயைத் திறந்தால் அடுத்த நாளே நிலம் கையில் இருக்காது.

நான் கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் செய்ய நினைப்பது பெரிய காரியம். ஆனால் மண்ணைத் திருத்துகிறவன் ஒருத்தன், பொன்னாடை வாங்குகிறவன் ஒருத்தன் என்று ஆகிவிடக் கூடாது. நிலம் யாருடையது என்று கேட்காதீர்கள், யார் பாடுபடுகிறார்கள் என்று கேளுங்கள். நிலத்துக்காரருக்கும் ஒரு மரியாதை வைக்கலாம்: ஐந்து வருடத்துக்கு எழுத்தில் குத்தகை கொடுக்கிற நிலத்துக்காரரையும் அந்த மேடையிலேயே ஏற்றுங்கள். நீண்ட குத்தகை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் எவனும் வண்டல் அடிப்பான்.

பழைய வாத்தியார் (மதுரை)

குத்தகைத் தம்பி எழுதியதைப் படித்தபின் இதைச் சொல்லத் தோன்றுகிறது. பழைய காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது, அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று பலரும் பேசுவார்கள். கவனமாக எடுக்க வேண்டும்.

எடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஏரியைப் பராமரிக்க என்றே நிலம் விட்டு வைத்து அதை ஏரிப்பட்டி என்று கல்வெட்டில் பொறித்தார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு மரியாதை என்பது விளைச்சலில் பங்காகவும் நிலமாகவும் வந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில், ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்கு எப்படி ஆள் எடுப்பது என்று விதி இருக்கிறது. ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருடம் வர முடியாது. கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது, அவர் உறவினரும் வர முடியாது. இந்த இரண்டையும் உங்கள் சங்கம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்துக்குச் செய்தால் மூன்று வருடத்துக்கு அந்த வீட்டையும் நெருங்கிய உறவையும் விட்டுவிடுங்கள்.

ஆனால் அதே கல்வெட்டில், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் உள்ளவர்தான் வாரியத்துக்கு வர முடியும் என்றும் இருக்கிறது. குத்தகைக்காரர் அன்றைக்கும் வெளியேதான் நின்றார். மடையில் மூழ்கி அடைப்பெடுத்தவர், ராத்திரியெல்லாம் வாய்க்கால் மேல் நடந்து தண்ணீர் பாய்ச்சியவர், இவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார். களத்தில் கடைசியாக அளந்த நெல்தான் அவர்களுக்குக் கிடைத்தது. 1858-ல் வெள்ளைக்காரன் குடிமராமத்துக்கு, அதாவது ஊரார் சேர்ந்து கண்மாயைச் செப்பனிடுகிற வேலைக்கு, சட்டமே போட்டு ஆளைக் கட்டாயப்படுத்தினான். அப்போதும் மண்வெட்டி பிடித்தவன் யார், கரையில் குடை பிடித்து நின்றவன் யார் என்று ஊருக்குத் தெரியும். நீர்பாய்ச்சி குடும்பத்தை முதல் வருடமே தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

கடைமடையான் (மேலூர்)

ஐயா, எங்கள் நீர்பாய்ச்சிக்கு இப்போதும் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல்தான் கொடுக்கிறோம். சில பேர் அதையும் இழுத்தடிப்பார்கள். அவர் பையன் திருப்பூருக்குப் போய்விட்டான். அடுத்து யார் வருவார் என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னதை இன்றைக்கே பேசுகிறேன்.

ஏழுமலைக்காரி (அரிட்டாபட்டி பக்கம்)

எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள். மரியாதை கிடைத்தால் அடுத்து என்ன ஆகும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று தமிழக அரசு அறிவித்தது. மாநிலத்திலேயே முதலாவது. ஏழு மலை, அவற்றில் ஊறும் சுனைகள், அந்தத் தண்ணீரை வாங்குகிற கண்மாய்கள், லகுடு வல்லூறு, ராசாளி, சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாம் சேர்ந்து 193.215 ஹெக்டேர். மலையை உடைக்க விடாமல் நின்ற குடும்பங்கள் எல்லாருக்கும் அது தங்களுக்கே கிடைத்த விருது மாதிரி இருந்தது.

இரண்டு வருடம் கழித்து 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. நாயக்கர்பட்டி வட்டாரம், 2,015.51 ஹெக்டேர். பாரம்பரியத் தலமும் அதற்குள் இருந்தது. அந்த 193 ஹெக்டேரை மட்டும் விலக்கிவிடலாம் என்பது போலப் பேச்சு வந்தபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. மலைக்கு மட்டும் பெயர் வாங்கி வைத்திருந்தோம். மலைத் தண்ணீரில் பயிராகிற வயலுக்கும், அதை வைத்திருக்கிற குடும்பத்துக்கும் எந்தப் பதிவும் இல்லை. கிராமசபைத் தீர்மானம், சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்த பேரணி என்று போய், ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. அந்தப் பேரணியில் பெண்கள் கைப்பிள்ளையோடு நடந்தார்கள்.

அதனால் நான் சொல்வது: பொன்னாடையும் கேடயமும் போதாது. தேர்ந்தெடுத்த குடும்பம் என்ன வைத்திருக்கிறது என்று எழுதுங்கள். எந்தக் கண்மாய், எந்தக் கால்வாய், என்னென்ன மரம், என்னென்ன விதை, எந்தப் பறவை கூடு கட்டுகிறது. அதைக் கிராமசபையில் வாசித்துத் தீர்மானமாக ஏற்றி, ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் சேர்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது வந்து இது தரிசு நிலம் என்று சொன்னால் காட்டுவதற்குக் கையில் காகிதம் வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் இப்போது கிராமசபை கூட்டுகிறார்கள். மரியாதையை அன்றைக்கே வைத்துக்கொண்டால் தீர்மானத்துக்கென்று தனியாக அலைய வேண்டியதில்லை.

வைகைக்கு வெகுதூரம் (விஸ்கான்சின்)

அக்கா, இது எனக்குப் புதிய பாடம். இங்கே இருக்கிற விருதில் இப்படி ஒரு கோணம் இல்லை.

பணம் எவ்வளவு என்று யாரும் பேசவில்லையே. வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து தர முடியும்.

குத்தகைக்காரன்

பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் பெரிதானால் மூன்று கையெழுத்தை விலைக்கு வாங்க ஆள் கிளம்பும். நிலத்துக்குப் போகிற மாதிரி கொடுங்கள். வண்டல் மண் இலவசம்தான். தாசில்தார் அனுமதி வாங்கினால் நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் எடுக்கலாம். ஆனால் டிராக்டர் வாடகையும் ஜேசிபி வாடகையும் கொடுக்க முடியாமல்தான் பாதிப் பேர் எடுப்பதில்லை. அந்தக் குடும்பத்தின் வயலுக்கு வண்டல் அடித்துக் கொடுங்கள். கண்மாயும் ஆழமாகும்.

செல்லம்பட்டி செல்வி

ஒன்று சேர்க்கிறேன். 1999-ல் முதல் உழவர் சந்தை திறந்தது நம் மதுரை அண்ணா நகரில். அங்கே விற்கும்போது கடைக்கு மேல் ஒரு சின்னப் பலகை, இந்தக் குடும்பம் இந்த ஊர்க் கண்மாயைக் காக்கிறது என்று. வாங்க வருகிறவர்களுக்கும் தெரியட்டும். அதிகாரிகளிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கடைமடையான் (மேலூர்)

நேற்று ராத்திரி கூட்டம் நடந்தது, கொஞ்சம் சத்தமும் இருந்தது. முதல் மரியாதை நீர்பாய்ச்சி குடும்பத்துக்கு என்று நான் சொன்னபோது இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அவர் மனைவி பெயரும் அவர் பெயரும், அந்த வரிசையில். போன போகத்தில் பாக்கி இருக்கிற நெல்லை அளந்து முடித்த பிறகுதான் மேடை என்றும் தீர்மானம் போட்டிருக்கிறோம். பாக்கி வைத்துக்கொண்டு மாலை போட முடியாது.

கீழ் வயல்காரர் முன்மொழிகிற விதி நிற்கிறது. கிணற்றுப் பங்காளிகளையும் சேர்த்தாயிற்று. வரப்புத் தகராறு பற்றித் தங்கச்சி கேட்டதற்கு: கேஸ் நடக்கிற இரண்டு வீட்டையும் அந்த வருடம் பக்கத்து ஊர்ச் சங்கம் பார்க்கும். மண்வள அட்டையை வைத்துக்கொள்கிறோம், ஆனால் தேர்வுக்கு இல்லை. தேர்ந்தெடுத்த பிறகு அந்தக் குடும்பத்தின் பதிவில் சேர்ப்பதற்கு. கீதாரிகளுக்கு என்ன செய்வது என்பது இன்னும் முடியவில்லை. அவர்கள் மாசியில் வரும்போது அவர்களிடமே கேட்கலாம் என்றிருக்கிறோம்.

விண்ணப்பத் தாளில் பட்டா எண் எழுதுகிற கட்டத்தை எடுத்துவிட்டோம்.

கரிசக்காட்டுக்காரன் (பேரையூர்)

அந்தத் தாளைப் படம் பிடித்து இங்கே போடுங்கள் அண்ணே. எங்கள் ஊரில் கண்மாய்ச் சங்கம் கிடையாது, உழவர் குழு இருக்கிறது. கீழ் வயல் என்று இருக்கிற இடத்தில் கீழ்க்காடு என்று மாற்றிக்கொள்கிறோம்.